கோயிலைப் பின்னாலிருந்து எடுத்த படம்

நான் ஆறாம் வகுப்புப் படித்த வருஷம் அப்பா மோட்டார் சைக்கிளோடு கீழே விழுந்தார். பாபநாசத்துக்கு வெளியே யாரோ ரோட்டில் உளுந்துச் செடியைப் பரப்பிப் போட்டிருந்தார்கள். போகிற வருகிற லாரியெல்லாம் அதன் மேல் ஏறிக் கூலி வாங்காமல் அடித்துக் கொடுத்துவிட்டுப் போயின. அப்பாவின் வண்டி மட்டும் அதில் வழுக்கிவிட்டது. வலது முழங்கை நொறுங்கியது. கட்டுப் பிரித்த பிறகு கை நீண்டது, மடங்கியது, ஆனால் விரல்கள் மூடவில்லை. அப்பா போட்டோகிராபர். கடைத்தெருவில் எங்களுக்கு ஒரு ஸ்டுடியோ இருந்தது.

கை சரியாகும் வரைக்கும் கடையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அம்மா சொன்னாள். அவளுக்கு அது புது வேலை இல்லை. கல்யாண ஆல்பங்களைக் கம்ப்யூட்டரில் கோத்ததும், சடங்கு வீடுகளில் பெண்கள் இருக்கும் அறைக்குள் போய்ப் படம் எடுத்ததும் எப்போதும் அவள்தான். ஆனால் கேமரா அப்பாவுடையது. படமும் அப்பா எடுத்த படம் என்றுதான் போகும். அப்பா ஒரு ரப்பர் பந்தை மடியில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க அழுத்தப் பார்த்தார். கடையை செல்போன் கடைக்கு வாடகைக்கு விட்டுவிட்டால் நிம்மதி என்று உறவுக்காரர்கள் வந்து வந்து சொன்னார்கள். அம்மா எல்லோருக்கும் காபி கொடுத்து அனுப்பினாள்.

அந்த ஐப்பசியில் ரைஸ் மில் முதலாளி வீட்டுக்கு வந்தார். வருஷா வருஷம் அவர் மில் காலண்டருக்கு அப்பாதான் படம் கொடுப்பார். இந்த முறை சாமி படம் வேண்டாம், தாராசுரம் கோயில் வேண்டும் என்றார். கோயில் மட்டும் போதாது, பின்னால் வானம் மிரட்ட வேண்டும். முடியாவிட்டால் கும்பகோணத்தில் புதிதாக வந்திருக்கும் ஸ்டுடியோவில் கேட்டுக்கொள்வதாக, அப்பாவின் கையைப் பார்க்காமல் மோட்டுவளையைப் பார்த்துச் சொன்னார். அப்பா, தேறிட்டு வருதுங்க, கொடுத்துடறேன் என்றார். யார் எடுக்கப்போகிறார்கள் என்பதை அவரும் கேட்கவில்லை, அப்பாவும் சொல்லவில்லை.

அவர் போனதும் அப்பா அம்மாவுக்கு விளக்கினார். முன் மண்டபத்தில் கல்தேர் இருக்கிறது. சக்கரம், குதிரை எல்லாம் விழ வேண்டும். தாராசுரம் என்றால் ஜனங்களுக்கு அதுதான். அம்மா கேட்டுக்கொண்டாள். பிறகு அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கூடவே போய் அம்மா தேரைத்தான் எடுக்கிறாளா என்று பார்த்துக்கொள்ளச் சொன்னார். குதிரையின் கால் வெட்டுப்படக் கூடாது என்றார். ஸ்டுடியோவின் மானமே என் கையில் இருப்பதாக நான் நினைத்துக்கொண்டேன்.

முதல் தடவை போனபோது வானம் வெள்ளை வேட்டி மாதிரி கிடந்தது. அதோடு, கேமரா ஸ்டாண்டை விரித்ததுமே கோயில் காவலர் வந்துவிட்டார். மரியாதையான மனிதர். ஸ்டாண்ட் வைப்பதென்றால் ஆபீஸிலிருந்து அனுமதி வேண்டும், கையில் வைத்து எடுத்துக்கொள்ளலாம் என்றார். அம்மா மறுபேச்சுப் பேசவில்லை. கேமராவைப் பையில் வைத்துவிட்டு, கோயிலை மூன்று சுற்றுச் சுற்றினாள். எதற்கு என்று கேட்டதற்கு, சூரியன் எங்கே இறங்குகிறது என்று பார்ப்பதாகச் சொன்னாள். அது எல்லா ஊரிலும் மேற்கேதான் இறங்கும் என்று எனக்குத் தெரியும். அப்பாவாக இருந்தால் இப்படிச் சுற்றிக்கொண்டிருக்க மாட்டார் என்றும் தோன்றியது.

மறுநாள் அப்பாவின் பழைய பேண்ட் ஒன்றின் காலை வெட்டி, ஒரு முனையைத் தைத்து, உள்ளே நெல்லைக் கொட்டி மறுமுனையையும் தைத்தாள். தலையணை போல ஆயிற்று. அதன் மேல் கேமராவை அழுத்தி வைத்தால் அசையாது. இதற்கு எந்த ஆபீஸிலும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அந்த மூட்டையைத் தூக்கி வருவது என் பொறுப்பு.

அடுத்த தடவை கோயில் வாசலில் இறங்கும்போதே சோவென்று கொட்டி, இருட்டும் வரை விடவில்லை. நாங்கள் நனைந்து திரும்பினோம். அதற்கும் அடுத்த தடவை மேகமே இல்லை. இதற்குள் முதலாளி இரண்டு முறை போன் செய்துவிட்டார். அப்பா பந்தை வைத்துவிட்டு, இன்னும் ஒரு வாரத்தில் கை வந்துவிடும், நானே போகிறேன் என்றார். அம்மா நனைந்த நெல் மூட்டையைப் பிரித்தாள். நெல் முளைவிட்டிருந்தது. அதைக் கோழிக்குப் போட்டுவிட்டு வேறு நெல்லைக் கட்டினாள்.

மழைக்காகப் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்ட ஒரு நாள், மத்தியானத்துக்கு மேல் மழை நின்றது. கிழக்கே, கடல் பக்கத்திலிருந்து, மேகம் மறுபடி திரண்டு ஏறிக்கொண்டிருந்தது. அம்மா மாடிப்படியில் நின்று பார்த்தாள், உடனே கிளம்பு என்றாள். கும்பகோணம் பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. கேமராப் பையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, வழியெல்லாம் குனிந்து குனிந்து ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தபடியே வந்தாள்.

தாராசுரம் கோயில் தாழ்வான இடத்தில் இருக்கிறது. உள்பிராகாரத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. வந்திருந்த நாலைந்து பேரும் முன் மண்டபத்தில் ஒதுங்கியிருந்தார்கள். அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். நான் குடையும் மூட்டையுமாகப் பின்னால் போனேன். தேர் வந்தது. குதிரைகள் வந்தன. அம்மா அவற்றைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தாள். கருவறைக்கும் பின்னால், யாரும் போகாத தென்மேற்கு மூலைக்குப் போய், சுற்று மண்டபத்தின் விளிம்பில் மூட்டையை வாங்கி வைத்தாள்.

எனக்குப் பதறியது. தேர் அங்கேதான் இருக்கிறது, அப்பா அதைத்தான் எடுக்கச் சொன்னார் என்றேன்.

"தேரை எடுக்கணும்னா மேற்க பாத்து நிக்கணும். வெளிச்சம் கண்ணுல அடிக்கும், கல்லு கருப்பாத்தான் விழும்," என்றாள் அம்மா. "மேகம் கிழக்க இருக்கு பாரு. அதுக்கு இங்கதான் நிக்கணும்."

"கோயிலோட பின்பக்கத்த யாராச்சும் காலண்டர்ல போடுவாங்களா? அப்பா கேட்டா நான் என்ன சொல்றது?"

"அம்மா தேரை எடுக்கலன்னு சொல்லு."

கோபமாகச் சொல்லவில்லை. கேமராவை மூட்டையில் அழுத்திக்கொண்டே சொன்னாள். குடையை என் தலைக்குப் பிடிக்காமல் கேமராவுக்குப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன். என் முதுகில் சாரல் விழுந்தது. கருவறை மேலிருந்த விமானத்துக்குப் பின்னால் வானம் கருப்பாகிக்கொண்டே வந்தது. ஆனால் கல்லும் அதே கருப்பாக இருந்ததால் எது கோயில், எது மேகம் என்றே தெரியவில்லை. இடி இடித்தது. காவலர் தண்ணீரைக் கடந்து வந்து, மின்னல் வெட்டுது, பிள்ளையை வைத்துக்கொண்டு இங்கே நிற்க வேண்டாம் என்றார்.

"பாப்பா, நீ அவரோட மண்டபத்துக்குப் போ," என்றாள் அம்மா. "குடைய நான் தோள்ல இடுக்கிக்கிறேன்."

போகலாம் என்றுதான் திரும்பினேன். அப்போது அவளைப் பார்த்தேன். ஒவ்வொரு இடிக்கும் கண்ணை இறுக்கி மூடித் திறந்தாள். இடி என்றால் வீட்டில் ரேடியோவைக்கூட அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவள் அவள். ஆனால் கால் மட்டும் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. எனக்கு ஏனோ போகத் தோன்றவில்லை. குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். காவலர் என்ன நினைத்தாரோ, அவரும் போகாமல் பக்கத்துத் தூணோடு ஒட்டி நின்றுகொண்டார்.

கொஞ்ச நேரத்தில் எங்கள் முதுகுக்குப் பின்னால் மேகத்தின் அடியில் ஒரு விரிசல் விட்டது. வெயில் தாழ்வாகச் சாய்ந்து வந்து விமானத்தின் மேல் விழுந்தது. அத்தனை கல்லும் அறுப்புக்கு நிற்கிற நெல்லின் நிறத்துக்கு மாறியது. பின்னால் வானம் மைக்கருப்பு. கீழே தேங்கிய தண்ணீரில் இன்னொரு விமானம் தலைகீழாக நின்றது. காவலர் தன் பாட்டுக்கு, இத்தனை வருஷத்தில் இந்தப் பக்கம் இப்படி நான் பார்த்ததில்லை என்று சொன்னார். அம்மா எதையும் பார்த்து வியக்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் எடுத்தாள். விரிசல் மூடியதும் முந்தானையால் கேமராவைத் துடைத்துப் பையில் வைத்தாள்.

மறுநாள் அம்மா தனியாக மில்லுக்குப் போனாள். முதலாளி தேர் எங்கே என்று கேட்டாராம். பிறகு வெகுநேரம் பார்த்துவிட்டு, இதையே போடலாம் என்றாராம். தை மாதத்துக்குள் அந்தப் படம் சுற்றுவட்டார மளிகைக் கடைகளிலெல்லாம் தொங்கியது. அம்மா அத்தனை பாடுபட்டுப் பிடித்த மேகத்தின் மேல் ரைஸ் மில்லின் பெயரைச் சிவப்பில் அச்சடித்திருந்தார்கள். தேதித் தாள் கட்டு தண்ணீரிலிருந்த விமானத்தை முழுசாக மறைத்தது. அது கோயிலின் பின்பக்கம் என்று ஒருவரும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

அம்மா ஏன் தனியாகப் போனாள் என்பதை நான் இன்னும் சொல்லவில்லை. எப்போதும் படத்தைக் கொண்டுபோய்க் காட்டுவது அப்பாதான்.

படம் எடுத்த அன்று சாயங்காலம் நாங்கள் ஈரத்தோடு வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா என்னிடம்தான் முதலில் கேட்டார். அம்மா தேரை எடுக்கவில்லை என்று சொன்னேன். அவர் முகம் இறுகியது. அம்மா கேமராவை அவர் மடியில் வைத்துவிட்டு, துணி மாற்ற உள்ளே போய்விட்டாள். அப்பா இடது கைக் கட்டைவிரலால் ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார். ஒரு படத்தில் நின்றுவிட்டார். திரை அணைந்தது. மறுபடி போட்டுப் பார்த்தார்.

பிறகு கேமராவின் தோள்வாரை இழுத்து, ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடது கையால் அதன் வளையத்தை நகர்த்தப் பார்த்தார். அது பல வருஷமாக ஒரே இடத்தில் இறுகிக் கிடந்தது. உதவிக்குப் போன என்னைத் தலையசைத்து விலக்கிவிட்டார். வெகுநேரம் போராடி வாரை ஒரு சாண் குறைத்தார். அம்மா தலையைத் துவட்டிக்கொண்டே வந்ததும் அவள் தோளுயரத்துக்குக் கேமராவைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

"நாளைக்கு நீயே போய்க் காட்டிட்டு வா," என்றார்.

அம்மா கேமராவை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றாள். படம் வெற்றி என்று நினைத்திருந்த எனக்கு அவள் கண் கலங்கியது ஏன் என்று விளங்கவில்லை. தேரை எடுக்காத கோபத்தில்தான் அப்பா மில்லுக்குப் போக மறுக்கிறார் என்று முடிவு செய்து, அம்மாவுக்காக நான் அப்பாவோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். அவ்வளவு குட்டையாக்கிவிட்டால் கை சரியானதும் அப்பா அந்த வாரை எப்படி மாட்டிக்கொள்வார் என்று கேட்க மட்டும் எனக்குத் தோன்றவேயில்லை.