செசிலியாவின் சிப்பிப் படுக்கை

என் அண்ணி செசிலியா, கிள்ளான் ஆற்று முகத்துவாரத்தில் பாதி ஆயுசை அடுத்தவர் சேற்றில் கழித்தவர். கெராங் சிப்பி சேற்றுக்குள் வளரும்; அதை இடுப்பளவு சகதியில் நின்று கூலிக்கு அள்ளுவதுதான் வேலை. முட்டி தேய்ந்தது, வாய் மட்டும் தேயவில்லை. போன வருஷம் ஒரு சீனத் தவுக்கே முதலாளி வயதாகி விட்டுப்போன சிப்பிப் படுக்கையை எடுத்து, சொந்தமாகக் கெராங் குஞ்சு விதைத்தார். "இனிமே எவன் சேத்துலயும் இறங்க மாட்டேன்லா" என்றார். அந்தப் படுக்கை போனால் அவருக்கு வேறு போக்கிடம் இல்லை.

அள்ளும் நாள் நெருங்கியபோது தண்ணீர், கீரை அவித்ததுபோல் பச்சையானது. வாரக்கணக்கில் அப்படியே கிடந்தது. ஒருநாள் காலையில் நண்டும் விலாங்கும் இறாலும் தாமாகவே கரையேறி வந்தன. எங்கள் கம்பத்து ஜனமே வாளியோடு ஓடியது.

"நண்டு கொழுத்தா வளையில தங்காதுன்னு சும்மாவா சொன்னாங்க? வா செசிலியா, இன்னிக்கு எல்லா வீட்லயும் கறிதான்லா!" என்று பக்கத்து வீட்டு ரமணி அக்கா சிரித்தார்.

அண்ணியும் சிரித்துக்கொண்டே ஒரு நண்டைப் பிடித்தார். அது கடிக்கவில்லை. கால்கள் தொங்கின. வாளியைக் கீழே போட்டார்.

"தம்பி, இதுங்க மூச்சு முட்டி ஓடி வந்திருக்கு. கெராங்குக்குக் கால் ஏதுடா? படக எடு!"

ஆற்றின் மேற்பகுதியில் இருப்பவர்களுக்கு என்ன வந்தது? செம்பனைத் தோட்டத்து உரம், கோழிப்பண்ணைக் கழிவு, ஊர்க் கக்கூஸ் தண்ணீர் எல்லாம் ஆற்றோடு இங்கேதான் வருகிறது. அதைத் தின்று பாசி பெருகுகிறது. அந்தப் பாசி செத்து அடியில் அழுகும்போது, அடித்தண்ணீரில் இருக்கும் மூச்சுக்காற்றையும் சேர்த்துத் தீர்த்துவிடுகிறது. கெராங் எதையும் தாங்கும்தான், ஆனால் எத்தனை நாள் தாங்கும்?

படுக்கையில் கையை விட்டதும் அழுகிய முட்டை நாற்றம். சேறு கன்னங்கரேலென்று வந்தது. உயிர் இருக்கும் என்ற நம்பிக்கையில் கைக்கு வந்ததையெல்லாம் அள்ளி, வெளிக்கடலில் நல்ல தண்ணீராகப் பார்த்துக் கொட்டிவிடலாம் என்று இருவரும் சாக்கு சாக்காக நிரப்பினோம். அண்ணி கரையைப் பார்த்துக் கத்தினார்.

"யாராச்சும் வாங்களேன்! ரமணிக்கா! ஆள் பத்தல!"

ரமணி அக்கா, "தோ வரேன்" என்று கையைக் காட்டிவிட்டு அடுத்த வாளியை நிரப்பப் போனார். அவரவர் குழம்பு அவரவருக்கு.

உயிருள்ள கெராங் தொட்டால் ஓட்டை மூடிக்கொள்ளும். அண்ணி படகில் ஒரு சாக்கைக் கவிழ்த்து, ஒவ்வொன்றாக நகத்தால் தட்டிப் பார்த்தார். எல்லாம் வாய் பிளந்தபடியே கிடந்தன. அடுத்த சாக்கையும் கவிழ்த்தார்.

"அண்ணி, போதும். வாங்க, போவோம்" என்றேன். அவர் காதில் அது விழவில்லை. ஒரு சிப்பியை உள்ளங்கையில் வைத்துத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"மூடிக்க கண்ணு. நீ ஒண்ணாவது மூடிக்க."