பிரியாணிக்கு விழுந்த ஓட்டு

கேம்ப் மெஸ்ஸில் கரண்டி பிடிப்பவனுக்குச் சம்பளம் தருவது கம்பெனி, திட்டு தருவது மற்ற எல்லாரும். துபாயில் திரும்பிய பக்கமெல்லாம் கிரேன் நின்ற காலத்தில் அல் குசைஸ் லேபர் கேம்ப் ஒன்றில் சமைத்தேன். மெஸ் சாப்பாட்டில் வயிறு நொந்த சகோதரர்களே, இது உங்களுக்குத்தான்.

தேர்தலுக்கு முன் ஒரு தேர்தல்

என்ன சமைப்பது என்று முடிவு செய்யும் மெஸ் செக்ரட்டரி பதவிக்கு வருஷா வருஷம் மலையாளி ரூம்களிலிருந்து ஒருவர் நிற்பார், ஜெயிப்பார். தமிழ் ரூம்களிலிருந்து நாலைந்து பேர் நின்று ஓட்டைப் பிரிப்பார்கள். அந்த வருஷம் ஞானம் பிறந்து, முதலில் நமக்குள் ஓட்டுப் போட்டு ஒரே ஆளை நிறுத்துவது என்று முடிவானது. கம்பி கட்டும் முருகேசனும் ஃபோர்மேன் செல்வராஜும் களத்தில் குதித்தார்கள். பிளம்பர் காதர் பெருமையாகச் சொன்னான்:

"ஒத்துமையா இருக்கணும்ணே. அதுக்குத்தான் ரெண்டு கோஷ்டியா பிரிஞ்சிருக்கோம்."

கொள்கை விளக்கம்

சைட் பஸ் விடிவதற்குள் கிளம்பிவிடும். அதனால் மதியச் சோற்றையும் அப்போதே பொட்டலம் கட்டிக் கொடுப்போம். ஜூலை வெயிலில் மதியத்துக்குள் சாம்பார் நுரைத்துவிடும். பஸ் போன பிறகு காலையில் சமைத்து, சும்மா நிற்கும் கம்பெனி வேனில் சைட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றான் முருகேசன். காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி, ஃபோர்மேனுக்கும் ஹெல்பருக்கும் ஒரே அளவு மீன் என்றும் சொன்னான். கெட்ட சோற்றைத் தின்று அவன் ரூம்மேட் போன வாரம்தான் சைட்டில் சுருண்டு விழுந்திருந்தான். அதையும் எடுத்துச் சொன்னான். எனக்கும் மனசு கேட்கவில்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி வந்தது, வயதான கார்பெண்டரிடமிருந்து:

"அதெல்லாம் சரி தம்பி, ஒரே அளவுன்னா மீன் தலை யாருக்கு?"

எதிர்க்கொள்கை

செல்வராஜுக்கு ஒரே கொள்கை. லீவு நாளான வெள்ளிக்கிழமை மட்டன் பிரியாணி, ஆளுக்கொரு முழு முட்டை. வேனெல்லாம் மாஃபி, அரபியில் 'கிடையாது', கம்பெனி தராது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். கம்பெனியை யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம். அவருடைய மதியச் சாப்பாடு சைட் ஆபீஸ் ஃபிரிட்ஜில் இருக்கும் என்பதும் வேறு விஷயம். முருகேசன் படுதோல்வி. ஏன் என்று நான் கேட்ட ஒவ்வொருவனும் காதர் சொன்னதையே சொன்னான்:

"முருகேசன் பேசுறதுதான்ணே நியாயம். ஆனா அவன் ஜெயிக்க மாட்டான்ல, அதான் போடல."

வெற்றிக்குப் பிறகு

பெரிய தேர்தலிலும் செல்வராஜ் ஜெயித்தார். மலையாளிகளுக்கும் நாக்கு இருக்கிறதே. வெள்ளிக்கிழமை பிரியாணிக்கு விசில் பறந்தது. சனிக்கிழமை சாயங்காலம் சைட்டிலிருந்து திரும்பிய காதர் தின்னாத மதியப் பொட்டலத்தைத் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டினான். புளித்த வாடை. "போய் உன் செக்ரட்டரிகிட்ட காட்டு" என்று எரிந்து விழுந்தேன். பின்னால் தட்டோடு முருகேசன் வரிசையில் நின்றான். காதர் சட்டென்று அவன் பக்கம் திரும்பினான்:

"ஏன் முருகேசா, அந்த வேன் விஷயத்தை நீ இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கக் கூடாதா?"

வெள்ளிக்கிழமைக்கு ஓட்டுப் போட்டுவிட்டு, மற்ற ஆறு நாளும் மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்றோம், அவ்வளவுதான்.