ஓட்டுநர் என்று எழுத வேண்டும்

குழுவில் அவளுக்கு 'ஒற்றக்கா' என்று பெயர்; ஒற்றுப் பிழையை விடாமல் பிடிக்கிற அக்கா. வீட்டிலிருந்தபடியே நிறுவனங்களுக்குக் கட்டுரையும் விளம்பரமும் எழுதிக் கொடுக்கிற எழுபது எண்பது பேர் கைபேசியில் வைத்திருந்த குழு அது. தினமும் காலை எட்டு மணிக்கு அதில் ஓர் இலக்கணக் குறிப்புப் போடுவாள். "'வேலை கொடுங்கள்' என்றால் உத்தியோகம் கேட்கிறீர்கள். நடுவில் ஒரு க் போட்டு 'வேலைக் கொடுங்கள்' என்றால் ஈட்டி கேட்கிறீர்கள். வாடிக்கையாளரைப் பயமுறுத்தாதீர்கள்." சிரிப்பு முகங்கள் வரிசையாக வந்து விழும்.

அந்த இலக்கணம் அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் வந்ததல்ல. ஒரு பல் மருத்துவமனையில் பதினெட்டு வருடம் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தாள். மருத்துவமனை கைமாறியபோது வேலை போயிற்று. நாற்பத்தைந்து வயதில், பல் கூச்சத்தைப் பற்றி எழுதிய முதல் கட்டுரை நாற்பத்தொரு சிவப்புக் கோடுகளோடு திரும்பி வந்தது. கீழே ஒரே ஒரு வரி: "தமிழ் தெரிந்தவர் யாரிடமாவது காட்டிவிட்டு அனுப்பவும்." குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் அழுதாள். பிறகு இலக்கணப் புத்தகம் ஒன்று வாங்கி, அடுப்பு மேடையில் விரித்து வைத்து, ஆறு மாதம் உருப்போட்டாள். அதற்கப்புறம் எந்த எழுத்தைப் பார்த்தாலும் பிழைதான் முதலில் கண்ணில் பட்டது. மருந்துச் சீட்டில், மின்தூக்கிக் கதவில். பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொன்ன சித்தப்பாவுக்கே, "நன்றி சித்தப்பா. 'வாழ்த்துக்கள்' இல்லை, 'வாழ்த்துகள்'" என்று பதில் போட்டவள்.

அவள் தம்பி லாரி ஓட்டினான். ஆறாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவன். எதுவானாலும் போன் போட்டுச் சத்தமாகப் பேசித்தான் பழக்கம். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், முதன்முறையாக அவனிடமிருந்து எழுத்தில் ஒரு செய்தி வந்தது.

"அக்கா ரெண்டு வாரமா நெஞ்சு வலிக்கிரது ஓட்டுனர் வேலை இனிமே முடியுமா தெறியல வீட்டுல சொல்லல உன்கிட்ட மட்டும் சொல்றேன் பயமா இருக்கு"

மூன்று மணிக்குள் காப்பீட்டுக் கட்டுரை ஒன்றை அனுப்ப வேண்டிய அவசரத்தில் இருந்தாள். விரல் தானாக ஓடியது.

"வலிக்கிறது, பெரிய ற. தெரியல, சின்ன ர. ஓட்டுநர் என்று எழுத வேண்டும், ன இல்லை. நடுவில் ஒரு புள்ளியாவது வைடா, படிக்கிற எனக்கு மூச்சு முட்டுது." ஒரு சிரிப்பு முகம். அடுத்த வரியில், "டாக்டரைப் பார்."

"சரிக்கா" என்று பதில் வந்தது.

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். "என்னடா, நெஞ்சு வலின்னியே?"

"அது ஒண்ணுமில்லக்கா. வாய்வு. மாத்திரை போட்டேன், போயிடுச்சு."

"டாக்டர்கிட்ட போனியா?"

"போறேன், போறேன்."

அதோடு அந்தப் பேச்சு நின்றது. அவளும் விட்டுவிட்டாள்.

ஐந்து மாதம் கழித்து, ஒரு கிடங்கு வாசலில் சரக்கு இறக்கக் காத்திருந்த வரிசையில், ஓட்டுநர் இருக்கையிலேயே அவன் இறந்துபோனான். தூங்குகிறான் என்று நினைத்துப் பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் நெடுநேரம் ஹாரன் அடித்திருக்கிறார்கள்.

அடக்கம் முடிந்த நான்காம் நாள், தம்பி வீட்டு அறையில் அவனுடைய சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். கல்லூரியில் படிக்கும் அவன் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, ஒண்ணு சொல்லவா? திட்டக் கூடாது."

"சொல்லும்மா."

"கொஞ்ச நாளா அப்பா உங்களுக்கு எழுதணும்னா முதல்ல எங்கிட்டதான் காட்டுவாரு. தப்பு இருந்தா அத்தை சிரிப்பான்னு. நான் எப்பவும் பிசி. அவரும் அனுப்பாமலே விட்டுடுவாரு."

இவள் மடித்த சட்டையை மறுபடி விரித்தாள்.

"போன மாசம் ஒண்ணு காட்டினாரு. நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குதுன்னு எழுதியிருந்தாரு. என்னப்பா இதுன்னு கேட்டேன். 'சும்மா உதாரணம்மா, அத்தை குழுவுல போடக் கேட்டா'ன்னாரு. எனக்கு மறுநாள் பரீட்சை. அப்புறம் பாக்கறேன்னு சொன்னேன். பாக்கவே இல்ல அத்தை. நான் பாத்திருந்தா உங்களுக்கு அனுப்பியிருப்பாரு. நீங்க ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருப்பீங்க."

போன மாதம் அப்படி எதுவும் வரவில்லை. அவளுக்கு வந்தது அந்தச் செவ்வாய்க்கிழமைச் செய்தி ஒன்றுதான்.

"அனுப்பினானேம்மா," என்றாள்.

"நிஜமாவா?"

"ஆமா. யார்கிட்டயும் காட்டாம அப்படியே அனுப்பிட்டான். நான்தான் வேலை மும்முரத்துல சரியாப் படிக்கல. உன் மேல ஒரு தப்பும் இல்ல."

பெண் அவள் தோளில் சாய்ந்து, அப்பா போன நாளிலிருந்து அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அழுது தீர்த்தாள். பெண்ணின் முதுகைத் தடவிக்கொண்டே இவள் நிமிர்ந்தபோது, வாசலில் தம்பி மனைவி நின்றிருந்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா அண்ணி?"

தம்பி மனைவி உள்ளே வந்தாள்.

"தெரிஞ்சும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையா?"

போன மாதச் செய்தி வரவே இல்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால் அந்தப் பழி மறுபடி தோளில் கிடக்கிற பெண் மேல் போய் உட்காரும். தெரியாது என்று சொல்லவும் முடியாது; அந்தச் செவ்வாய்க்கிழமைச் செய்தி தன் கைபேசியிலேயே இருந்தது.

"தெரியும்," என்றாள்.

"கிளம்புங்க அண்ணி. இனிமே இங்க வராதீங்க."

அதற்குப் பிறகு அவள் போன் செய்தால் யாரும் எடுக்கவில்லை. குழுவில் எட்டு மணிக் குறிப்பு நின்றுபோனது. இரண்டு மூன்று பேர் விசாரித்தார்கள். உடம்பு சரியில்லை என்றாள். ஒரு வாரத்தில் வேறொருவர் அந்த வேலையை எடுத்துக்கொண்டார். அவள் கட்டுரைகள் எழுதுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் வீட்டில் என்ன செய்வது என்று தெரியவில்லை.

எட்டு மாதம் கழித்து, பேருந்து நிறுத்தத்தில், எதிர்ச்சாரியில் தம்பி மகளைப் பார்த்தாள். முகம் தெளிந்திருந்தது. புதுப் பையும் கழுத்தில் அலுவலக அட்டையும். வேலைக்குப் போகிறாள் போல. அவளும் அத்தையைப் பார்த்துவிட்டாள். கையை உயர்த்தப் போனவள், பக்கத்தில் நின்ற அம்மாவைத் திரும்பிப் பார்த்து, உயர்த்திய கையால் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். பேருந்து வந்து இருவரையும் ஏற்றிக்கொண்டு போயிற்று.