பூச்சி கடித்த கீரை

என் மாமியாருக்கும் எனக்கும் நடந்த ஒரே சண்டை சிறுகீரையால் வந்தது. வில்லியனூர் பக்கம் எங்கள் வீடு. பின்னால் இருக்கும் தோட்டத்தை ஒட்டி, முன்பு பழைய பேட்டரியை உடைத்து ஈயம் எடுக்கும் பட்டறை ஒன்று இருந்தது. மண்ணில் கிடக்கும் ஈயம் காய்கறிக்குள் எவ்வளவு ஏறும் என்று கணக்குப் போடுவதுதான் காலேஜில் என் ஆராய்ச்சி. இப்படி ஒருத்தி மருமகளாக வந்தால் அந்த மண்ணைச் சும்மா விடுவாளா?

நான் முழுகாமல் இருப்பது தெரிந்ததும் அத்தை தினமும் கீரை மசிக்கத் தயாரானார். நான் தட்டை நகர்த்தினேன். ஈயம் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. மண்ணை எடுத்துப் போய்ச் சோதித்து, அந்த அளவைக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். கணக்கில் உள்ள எண்களோ வேறு யாரோ, வேறு ஏதோ மண்ணில் கண்டுபிடித்தவை. கத்திரிக்காய்க்குப் பெரிய ஆபத்தில்லை என்று தெளிவாகவே வந்தது. கீரைக்கு மட்டும் அந்த எண்கள் ஆளுக்கு ஆள் மாறியதால், 'சாப்பிடலாம்' என்பதிலிருந்து 'தொடாதே' என்பது வரை நீளமாக ஒரு பதில் வந்தது.

"இன்னாமா இது, வழவழா கொழகொழான்னு? துன்னலாமா, கூடாதா?"

"தெரியாது அத்தை. கீரையையே டெஸ்ட் பண்ணணும்."

அவர் முகம் வாடிவிட்டது. தோட்டம் அவர் உயிர். நாளைக்குக் கொஞ்சம் கீரையும் கத்திரிக்காயும் பறித்து வையுங்கள் என்று சொன்னேன். காலையில் பஸ்ஸுக்கு ஓடும்போது பையைக் கையில் கொடுத்தார்.

முடிவு வர இரண்டு மாதமானது. கத்திரிக்காய் என் கணக்குச் சொன்னபடியே இருந்தது. கீரையில் ஈயம் இல்லை என்றே சொல்லலாம். என் கணக்கின் கீழ் எல்லையைவிடவும் குறைவு. எனக்குத் தூக்கம் போயிற்று. மண்ணின் புளிப்பா, களிமண்ணா, எது காரணம் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். நான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று எத்தனை நாள்தான் சொல்வது? கடைசியில் கணக்குத்தான் தப்பு என்று ஒத்துக்கொண்டு, கீரையை மசிக்கச் சொன்னேன். உண்மையில் எனக்குச் சந்தோஷம்தான். அந்த வாசனைக்கு நாக்கு ஏங்கிப்போயிருந்தது.

தட்டில் சோறு போட்டார். கீரைச் சட்டியில் கரண்டியை விட்டவர் அப்படியே நின்றார். என் வயிற்றைப் பார்த்தார். சட்டியை மறுபடி அடுப்பு மேடையில் வைத்துவிட்டார்.

"வேணாம்டி. துன்னாத."

"ஏன் அத்தை? பாஸ்தானே?"

"காலேஜுக்கு எட்தும்போனது நம்ம கீரை இல்ல. இங்க எல்லாம் பூச்சி அரிச்சி ஒரே ஓட்டையா இருந்துச்சி. நாலு பேரு பாக்குற எடத்துக்கு அத எப்டி குடுத்து அனுப்பறது? மானம் போவாது? அதான் மார்க்கெட்ல நல்லதா ஒரு கட்டு வாங்கி வச்சேன். கத்திரிக்கா நம்மளுதுதான். அது பளபளன்னு இருந்துச்சி."

நான் சிரித்த சிரிப்பில் குழந்தை உதைத்தது. கணக்கில் என்னென்னவோ சந்தேகங்களைச் சேர்த்திருந்தேன். வெளியாளுக்குச் சொத்தைக் கீரை கொடுக்கக் கூசும் ஒரு மாமியாரைச் சேர்க்கவில்லை. கணக்குத் தப்பில்லை என்ற சந்தோஷத்தில் அவரைக் கட்டிக்கொண்டேன். திட்டு விழும் என்று நின்றவருக்கு ஒன்றும் புரியவில்லை.

மறுநாள் ஓட்டைக் கீரையைக் கொண்டுபோனேன். இந்தத் தடவை முடிவு 'தொடாதே' பக்கம் வந்தது. கத்திரிச் செடிகளை விட்டுவிட்டு, கீரைப் பாத்தியை அழித்து அங்கே கனகாம்பரம் வைத்தோம். மடுகரையில் இருக்கும் அவர் தம்பி வயலிலிருந்து மண் வந்தது. அதையும் சோதித்த பிறகே மாடியில் தொட்டிகளை நிரப்பி, கீரை விதைத்தோம்.

என் வளைகாப்பன்று பந்தியில் கத்திரிக்காய்க் குழம்பைக் கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். "காலேஜ்ல பாஸ் பண்ண கத்திரிக்கா" என்று ஒவ்வொரு இலையிலும் சொல்லியபடி அத்தை ஊற்றினார். என் இலைக்கு மட்டும் மாடிக் கீரை. மசிக்காமல், இலை இலையாகத் தெரியும்படி பொரியல் செய்திருந்தார். ஒரு கீரை இலையை எடுத்து விரித்துக் காட்டினார்.

"பாத்துக்க, ஓட்டை இருக்குது. நம்மளுதுதான். துன்னு."