பஃபேயில் பார்த்த அரிசி மூட்டை

தஞ்சாவூர் பழைய வீதிகளில் நல்ல சாப்பாட்டுக் கடை தேடி அலைவது என் வழக்கம். அன்று ஒரு சந்துக்குள் பஃபே கிடைத்தது. வத்தக்குழம்பு பிரமாதம். மறுபடி சோறு போடப் போனபோதுதான் மூலையில் கர்நாடக அரிசி மூட்டைகளைக் கண்டேன். ஒரத்தநாட்டுப் பக்கம் நெல் பயிரிடுகிறவன் நான், பற்றிக்கொண்டு வந்தது.

"நாங்க நெல்லு வெளைவிக்கிற டெல்டாவுல கடை வச்சுக்கிட்டு வெளியூர் அரிசியா பொங்கிப் போடுறீங்க? வெக்கமா இல்ல?" என்று எல்லோர் முன்பும் கத்தினேன்.

கடைக்கார அம்மா கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "கடைச் சாப்பாட்டுக்கு ஆகாத மோட்டா ரகமா நட்டு, அறுத்ததும் மொத்தத்தையும் கொள்முதல் நிலையத்துல போட்டுடுறீங்க. உங்க வீட்டுல என்ன அரிசிங்க?"

என் வீட்டிலும் அதே மூட்டைதான். போன வாரம் நான்தான் வாங்கி வந்து இறக்கினேன்.

அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. கத்துவதற்குத்தான் வேறு ஆள் கிடைக்கவில்லை.