பாடையிலிருந்து எழுந்தவனின் முதுகுவலி

இங்கே பாலை நாலு லிட்டர் பையாக விற்கிறார்கள். கனடா வந்த புதிதில் அதைப் படம் பிடித்து ஊருக்கு அனுப்பிச் சிரித்தவன் நான். இப்போது அந்தப் பையைத் தொடுமுன் கடைக்குள் நாலு பக்கமும் பார்க்கிறேன், திருட வந்தவன் மாதிரி. பத்து பவுண்டு வரை தூக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பால் அதற்குள் அடங்கும். ஆனாலும் யாராவது வீடியோ எடுத்துவிட்டால்? வேலையில் அடிபட்டு இழப்பீட்டில் சாப்பிடுகிறவனுக்கு இந்தப் பயம் பழகிவிடும், போகாது.

கும்பகோணத்தில் இன்ஜினியரிங் படித்துவிட்டு, இங்கே வேர்ஹவுஸில் பெட்டி அடுக்கினேன். ஒரு நாள் சரிந்த பெட்டியைத் தாங்கப் போய், இடுப்புக்கு மேலே டிஸ்க் பிதுங்கிவிட்டது. வேலை நின்றது, இழப்பீடு வந்தது. வீட்டில் முடங்கிக் கிடக்க என்னால் ஆகுமா? இழப்பீடு வாங்கும்போது விடுமுறையில் ஊருக்குப் போகலாமா என்று விதிகளை எல்லாம் தோண்டிப் படித்தேன். போகலாம். முன்கூட்டியே சொல்ல வேண்டும், சிகிச்சை தடைபடக் கூடாது, அவ்வளவுதான். இழப்பீட்டு அலுவலகத்தில் என் கேஸைப் பார்க்கும் லிண்டா, "அம்மாவைப் பார்த்தால் மனசுக்கு நல்லது, போய் வாருங்கள்" என்று உடனே சம்மதித்தார். என்னைப் போல் அடிபட்டுக் கிடந்த நம்மாட்களுக்கெல்லாம், "சொல்லிட்டுப் போனா ஒரு பயமும் இல்ல மச்சான்" என்று வாட்ஸப்பில் வகுப்பே எடுத்தேன்.

நான் படிக்காத விதி ஒன்று வலங்கைமானில் காத்திருந்தது. எங்கள் பக்கத்து மாரியம்மனுக்குப் பாடைக்காவடி எடுப்பார்கள். சாகக் கிடந்து பிழைத்தவர்கள் பங்குனித் திருவிழாவில் பிணம் போல் பாடையில் படுத்து, சொந்தக்காரர்கள் தூக்க, கோயிலைச் சுற்றி வருவார்கள். எனக்கு அடிபட்ட செய்தி கேட்ட அன்றே அம்மா வேண்டிக்கொண்டு விட்டாள்.

"இன்னும் குணமாகலையேம்மா. குணமானவங்கதானே படுக்கணும்?"

"கோயில் வாசல்ல நின்னுக்கிட்டு 'இன்னும் வலிக்குது'ன்னு யாராச்சும் சொல்லுவாங்களா? குணமாயிட்டேன்னு படு. ஆத்தா பாத்துக்குவா."

அம்மாவின் கணக்கு அப்படி. நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும், நடப்பது பின்னால் வந்து சேர்ந்துகொள்ளும். உளுந்து விதைத்த அன்றே "இந்த வருசம் நல்ல வெளச்சல்" என்று சொல்கிறவள் அவள். மறுக்க எனக்கு மனம் வரவில்லை. சும்மா படுத்திருப்பதில் முதுகுக்கு என்ன வந்துவிடும் என்றும் தோன்றியது.

குடமுருட்டியில் குளிப்பாட்டி, உடம்பெல்லாம் திருநீறு பூசி, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டி, பச்சை மூங்கில் பாடையில் கிடத்தினார்கள். செல்வம் சித்தப்பாவும் என் கூட்டாளிகள் மூன்று பேரும் தூக்கினார்கள். முன்னால் அம்மா தீச்சட்டி ஏந்தி நடந்தாள். "சித்தப்பா, இவன் கனடா அரிசிய ஒத்த ஆளா தின்னு தீர்த்திருக்கான், தோளு போவுது" என்றான் ஒருவன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பொணம் சிரிக்கக் கூடாதுடா" என்று சித்தப்பா அதட்டினார். கண்ணை மூடிக்கொண்டேன். பறைச் சத்தம் முதுகெலும்புக்குள் இறங்கியது. சுற்றி முடித்து, பூசாரி முகத்தில் தீர்த்தம் தெளித்ததும் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தேன். அந்த நொடியில் வலிக்கவில்லை; சத்தியமாக வலிக்கவில்லை. அம்மா அழுதுகொண்டே என் முகத்தைத் தடவினாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில், வேன் ஒரு பள்ளத்தில் இறங்கியபோதுதான் வலி மறுபடி ஏறி உட்கார்ந்துகொண்டது.

சித்தப்பா அதற்குள் முகநூலில் வீடியோவைப் போட்டுவிட்டார். 'கனடாவிலிருந்து வந்த எங்கள் மகன், முதுகு பூரண குணமாகி, ஆத்தாளுக்குப் பாடைக்காவடி.' என் பெயரையும் அதில் டேக் செய்து கோத்துவிட்டிருந்தார்.

திரும்பி வந்த வாரமே லிண்டா அழைத்தார். வீடியோ அவர்கள் அலுவலகம் வரை போயிருந்தது. குரலில் பழைய குழைவு இல்லை.

"வீடியோவில் நீங்கள் இறந்தவராக நடிக்கிறீர்களா?"

"ஆமாம்."

"எதற்காக?"

"குணமானதற்கு நன்றி சொல்ல."

"அப்படியானால் குணமாகிவிட்டது."

"இல்லை. குணமாக வேண்டும் என்பதற்காக, குணமானது போல..."

அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கேட்டார்: "நீங்கள் உங்கள் கடவுளிடம் பொய் சொன்னீர்களா, எங்களிடமா?"

அம்மா சொன்னது பொய் இல்லை என்பதை இந்த மொழியில் எப்படிச் சொல்ல? என் வலி பொய் இல்லை என்பதை ஊரில் யாரிடம் சொல்ல?

இழப்பீட்டை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நாளை அவர்களுடைய டாக்டர் என்னைச் சோதிக்கிறார். தேறிவிட்டான் என்று அவர் சொல்லிவிட்டால் அதே பெட்டிகளுக்குத்தான் திரும்ப வேண்டும். இப்போதே இடது காலிலிருந்து செருப்பு நழுவினால் எனக்குத் தெரிவதில்லை. இன்னொரு தடவை பிசகினால் அந்தக் கால் போய்விடும் என்று என் டாக்டர் சொல்லியிருக்கிறார்.

சற்று முன் அம்மா பேசினாள்.

"நாளைக்கு டாக்டர் கேட்டா என்னப்பா சொல்லுவ?"

"வலிக்குதுன்னுதாம்மா சொல்லணும்."

"சரி, சொல்லு" என்றாள். "ஆனா மெதுவா சொல்லுப்பா. ஆத்தா காதுல விழுந்துடப் போவுது."

தரையில் மல்லாந்து, கைகளை உடம்போடு ஒட்டி, கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு அவள் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்படிக் கிடந்தால்தான் இப்போது வலி அடங்குகிறது. ஜன்னலுக்கு வெளியே திருநீறு கொட்டுவது போலப் பனி. ஊரில் நான் எழுந்துவிட்டேன், எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். இங்கே பாடையும் இல்லை, தூக்க நாலு பேரும் இல்லை. ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, இன்னும் எழ முயன்றுகொண்டிருக்கிறேன்.