அண்ணனின் தூக்கத்தைத் தின்ற பேக்கரி

என் அண்ணன் பேக்கரியில் மாவு பிசைகிற மாஸ்டர். சின்ன வயதில் படுத்தால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டான்; வீட்டில் அவனுக்குத் தூங்குமூஞ்சி என்றுதான் பேர். அந்தத் தூங்குமூஞ்சியை அவனுடைய முதலாளி இப்போது ஆக்கி வைத்திருக்கிற கோலத்தைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

முன்பெல்லாம் விடியற்காலை ரொட்டிக்கு மட்டும் போவான், மதியம் வந்து படுப்பான். சாயங்கால பன் நன்றாக விற்க ஆரம்பித்ததும், "மாஸ்டர் கைப்பக்குவம் வேற யாருக்கு வரும்?" என்று ஐஸ் வைத்து மத்தியான வேலையையும் அவன் தலையில் கட்டினார் முதலாளி. நடுவில் கிடைத்தது கோழித்தூக்கம். போகப் போக அதுவும் போயிற்று. இப்போது லீவு நாளில் படுத்தாலும் கொட்டக் கொட்ட விழித்துக் கிடக்கிறான்.

மாவு பிசைகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மாவில் உப்புப் போட்டதும், உப்பு அளந்த கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். கவிழ்ந்திருந்தால் போட்டாயிற்று என்று அர்த்தம். போன மாதம் அண்ணன் உப்பே போடாமல் கோப்பையைக் கவிழ்த்திருக்கிறான். முந்தின நாள் போட்டதை அன்றைக்குப் போட்டதாக நினைத்துவிட்டான். சப்பென்று இருக்கிறதென்று அத்தனை ரொட்டியும் திரும்பி வந்தது. "குடிச்சிட்டு வந்தியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாராம் முதலாளி. டீயைத் தவிர எதையும் தொடாதவனை! இன்னொரு தடவை நடந்தால் வேலை கிடையாது என்றும் சொல்லிவிட்டார்.

அண்ணியும் நானும் அவனை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனோம்.

"பகல்ல நடந்ததையெல்லாம் தூங்கும்போதுதான் மூளை எடுத்து அடுக்கி வைக்குது. இவருக்கு அதுக்கு நேரமே கிடைக்கல. முழிச்சிருக்கும்போதே மூளையில ஒரு பகுதி நொடி நேரம் கண்ணயர்ந்துடுது. மாத்திரை அப்புறம், முதல்ல ரெண்டு வேளை வேலையில ஒண்ணை விடச் சொல்லுங்க" என்றார் அவர்.

அண்ணனைக் கூட்டிக்கொண்டு நேரே பேக்கரிக்குப் போய் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். முதலாளி கல்லாவில் இருந்தபடியே, "நான்கூடத்தான் சரியா தூங்கறதில்லம்மா" என்றார். எனக்கு வந்ததே கோபம்! "நீங்க தூங்கலேன்னா அப்படியே நாற்காலியில சாஞ்சுக்கலாம். எங்கண்ணன் கை மாவு பிசையற மிஷின்ல இருக்கு. கை போனா நீங்க குடுப்பீங்களா?" என்று கத்தினேன். ரொட்டி வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பயந்தோ என்னவோ, "சரி மாஸ்டர், நாளையிலேர்ந்து காலை வேலை மட்டும் பாருங்க. மத்தியானத்துக்கு வேற ஆள் போட்டுக்கறேன். சம்பளத்துல கை வைக்க மாட்டேன்" என்றார். வீடு வரைக்கும் அண்ணன் சிரித்துக்கொண்டே வந்தான்.

மறுநாள் மதியம், தூங்குகிறானா என்று பார்க்கப் போனேன். அண்ணி வேலைக்குப் போயிருந்த நேரம். கட்டில் காலியாக இருந்தது, போர்வை மடித்தது மடித்தபடி. பேக்கரிக்கு ஓடினேன். உள்ளே அண்ணன் பன் மாவை மிஷினில் தள்ளிக்கொண்டிருந்தான்.

"என்னண்ணா இது? மத்தியானம் வர வேண்டாம்னு நேத்துதானே பேசிட்டுப் போனோம்?"

மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"யாரு பேசினா? எப்போ?"

அவன் மறந்துவிட்டான். அதற்காக அவனை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். முதலாளிக்கும் மறதியா என்று கல்லாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"நான் கூப்பிடலம்மா. அவராத்தான் வந்தார்" என்றார் அவர், என் முகத்தைப் பார்க்காமல்.